லிவருக்குப் பரவிவிட்டது... ஆபரேஷன் செய்யலாமா?

*குடல் புற்றுநோயின் நான்காம் நிலை. ஒரு காலத்தில் ‘வீட்டுக்கு அழைத்துப் போங்கள்’ என்று சொல்லப்பட்டவர்களில் சிலர் இன்று பத்து ஆண்டுகள் கடந்தும் வாழ்கிறார்கள். கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுக்கும் துணிச்சலான அறுவை சிகிச்சைகள் யாருக்குக் கைகொடுக்கும், யாரைக் கைவிடும்?*

நெஞ்செலும்பின் அடியில் தொடங்கும் கீறல் வயிற்றில் இறங்கி, வலப்பக்கம் திரும்பி, விலா ஓரமாக ஓடுகிறது. எஃகுக் கொக்கிகள் விலா எலும்புகளைத் தூக்கிப் பிடிக்கின்றன. உள்ளே, செம்பழுப்பு நிறத்தில், பளபளப்பாக, நோயாளியின் மூச்சோடு ஏறி இறங்குகிறது கல்லீரல்.

அறுவை நிபுணர் உடனே வெட்டத் தொடங்குவதில்லை. கல்லீரலை உடலோடு பிணைத்திருக்கும் நார்களை விடுவித்து, இரண்டு கைகளாலும் மெல்லத் தடவிப் பார்க்கிறார். அடுத்து, விரல் அளவுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியைக் கல்லீரலின் மேலேயே வைத்து நகர்த்துகிறார். திரையில் சாம்பல் நிறப் பரப்புக்கு நடுவே வட்ட வட்டமாகக் கட்டிகள் தெரிகின்றன. “ஆறாவது செக்மென்ட்ல ஒண்ணு... ஏழுல இன்னொண்ணு... இது படத்துல இல்லையே?” சி.டி. ஸ்கேனில் ஐந்து கட்டிகள் தெரிந்த நோயாளிக்கு இங்கே ஏழு தெரியலாம். வாரக்கணக்கில் போட்ட திட்டம் சில நிமிடங்களில் மாறும். சில நேரம், எதையும் வெட்டாமல் வயிற்றை மூட வேண்டியும் வரும்.

வெட்டுவது என்று முடிவானால், கல்லீரலுக்குள் ரத்தம் நுழையும் வாசலைச் சுற்றி ஒரு நாடாவை இட்டு இறுக்குகிறார்கள். “பதினஞ்சு நிமிஷம் ஆச்சு சார்” என்று நர்ஸ் சொன்னதும் நாடா தளர்கிறது. ஐந்து நிமிடம் ரத்தம் ஓட விட்டு, மறுபடி இறுக்குகிறார்கள். கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908-ல் எழுதிய உத்தி இது. மயக்க மருந்து நிபுணர், பெரிய சிரைகளில் ரத்த அழுத்தம் கூடாமல் பார்த்துக்கொள்கிறார். அழுத்தம் கூடினால் வெட்டிய பரப்பு முழுவதும் ரத்தம் கசியும். மீயொலி அதிர்வால் திசுவைக் கரைத்து உறிஞ்சும் கருவி ஒன்று, கல்லீரலை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரித்துக்கொண்டே போகிறது. எதிர்ப்படும் ஒவ்வொரு ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் கட்டப்படுகிறது அல்லது கிளிப் போடப்படுகிறது. இப்படியே நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும்.

குடலில் தோன்றிய புற்றுநோய்க்காகத்தான் கல்லீரலில் இத்தனை பாடு.

ஏன் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது?

பெருங்குடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேரடியாக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வழியில் வருவதுதான். குடல் கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் முதலில் ஒதுங்கும் கரை கல்லீரல். குடல் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்கு, நோய் தெரியும்போதோ பின்னாலோ, கல்லீரலில் கட்டிகள் உருவாகின்றன.

இதில் ஒரு சிறப்புத் தன்மை உண்டு. பல புற்றுநோய்கள் பரவத் தொடங்கினால் உடல் முழுவதும் சிதறிவிடுகின்றன. குடல் புற்றுநோய் சிலரிடம் கல்லீரலோடு நின்றுவிடுகிறது, சில மாதங்களுக்காவது. அந்த இடைவெளிதான் அறுவை சிகிச்சைக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கல்லீரலில் கட்டி இருப்பது தெரியவரும்போதே நேரடியாக ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 10 முதல் 20 பேர்தான்.

மற்ற 80, 90 பேரில் இன்னும் எத்தனை பேரை அந்த மேசைக்குக் கொண்டுவர முடியும் என்பதுதான் கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் கல்லீரல் அறுவை நிபுணர்கள் தங்களுக்குள் நடத்திவரும் வாதம்.

எத்தனை கட்டி என்பதா, எவ்வளவு மிஞ்சும் என்பதா?

1952-ல் பாரிஸில் ஜான் லூயி லோர்டா ஜாக்கோப் கல்லீரலின் வலப்பாகத்தை முறையாகப் பிரித்தெடுத்தார். 1957-ல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் குளோட் குய்னோ, கல்லீரலைத் தனித்தனி ரத்த ஓட்டம் கொண்ட எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். ஆறாவது செக்மென்ட், ஏழாவது செக்மென்ட் என்று இன்றைக்கும் தியேட்டரில் பேசிக்கொள்வது அவருடைய கணக்குதான். ஹனோயில் டோன் தட் துங் என்ற வியட்நாம் மருத்துவர், இறந்தவர்களின் கல்லீரல்களை நூற்றுக்கணக்கில் தன் கையால் பிரித்துப் பார்த்து அதே வரைபடத்தை வேறு வழியில் தேடிக்கொண்டிருந்தார். வசதி குறைந்த ஒரு நாட்டிலிருந்து வந்த அந்த உழைப்பு, இந்தத் துறையின் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

வரைபடம் கிடைத்த பிறகும் விதிகள் கடுமையாகவே இருந்தன. 1980-களில் பல மையங்கள் பின்பற்றியது இது: மூன்று கட்டிகளுக்கு மேல் இருந்தால் வெட்டாதே, கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல திசு கிடைக்காவிட்டால் வெட்டாதே, கல்லீரலுக்கு வெளியே நோய் இருந்தால் வெட்டவே வெட்டாதே. நான்காவது கட்டி இருந்ததற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிகள் உலகம் முழுவதும் இருந்திருப்பார்கள்.

பிறகு கேள்வியே மாறியது. எத்தனை கட்டிகள் என்பது பின்னுக்குப் போய், எல்லாவற்றையும் எடுத்த பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்பது முன்னுக்கு வந்தது. நல்ல கல்லீரல் என்றால் 25 முதல் 30 விழுக்காடு மிஞ்சினால் போதும். நீண்ட நாள் கீமோ வாங்கிய கல்லீரலுக்கு 30-க்குக் குறையக்கூடாது. சிர்ரோசிஸ் இருந்தால் 40 வேண்டும். மிஞ்சும் பகுதிக்குள் ரத்தம் நுழையவும் வெளியேறவும், பித்தம் வடியவும் வழி இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் பத்துக் கட்டிகள் இருந்தாலும் பேசிப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் விதியும் தளர்ந்து, ஒரு மில்லிமீட்டர் நல்ல ஓரம் கிடைத்தாலே போதும் என்று பல மையங்கள் ஏற்றுக்கொண்டன.

இந்த மாற்றத்துக்கு வழிவிட்டது பாரிஸ் புறநகரான வில்ஜூயிஃபில் உள்ள பால் புரூஸ் மருத்துவமனை. ஆபரேஷன் முடியாது என்று ஒதுக்கப்பட்ட 330 நோயாளிகளுக்கு அங்கே கீமோ கொடுத்துவிட்டு, மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 53 பேருக்குக் கட்டிகள் வெட்டக்கூடிய அளவுக்குச் சுருங்கின. அவர்களில் ஐந்து ஆண்டு உயிர்வாழ்ந்தவர்கள் சுமார் 40 விழுக்காடு என்று ஆன்றி பிஸ்முத், ரெனே ஆடம் குழு 1996-ல் எழுதியது. ‘முடியாது’ என்பது அன்றைய ஸ்கேனுக்கான பதில் மட்டுமே என்பதை அந்த 53 பேர் நிரூபித்தார்கள்.

---

பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

◆ 2022-ல் உலகில் புதிதாகக் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 19 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் புதியவர்கள் சுமார் 70,000 என்பது குளோபோகான் மதிப்பீடு.

◆ கல்லீரல் கட்டிகளை முழுமையாக அகற்றியவர்களில் ஐந்து ஆண்டு கடப்பவர்கள், மையத்தையும் நோயாளியையும் பொறுத்து, 35 முதல் 50 விழுக்காடு.

◆ நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட 612 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். 102 பேர் பத்து ஆண்டைக் கடந்தார்கள். அதற்குப் பிறகு இந்த நோயால் இறந்தவர் ஒரே ஒருவர்.

◆ அனுபவமுள்ள மையங்களில் ஆபரேஷனை ஒட்டிய இறப்பு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை. வெட்டும் அளவு கூடக் கூட இதுவும் கூடும்.

---

கல்லீரலை வளர வைத்து வெட்டுவது

கல்லீரலில் பாதிக்கு மேல் எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து நிரப்பிக்கொள்ளும். மனித உடலில் வேறெந்த உள்ளுறுப்பும் இந்த அளவுக்கு இதைச் செய்வதில்லை. ஆனால் வளர வாரங்கள் ஆகும். அதுவரை தாங்குவதற்குப் போதுமான கல்லீரல் இல்லையென்றால், ஆபரேஷன் வெற்றி பெற்று நோயாளி இறந்துபோவார். வெட்டுவதற்கு முன்பே வளர வைத்தால் என்ன?

ஜப்பானின் மசடோஷி மகூச்சி போன்றவர்கள் 1980-களில் இதற்கு விடை கண்டார்கள். எடுக்கப்போகும் பகுதிக்குள் போகும் போர்ட்டல் சிரைக் கிளையை முன்கூட்டியே அடைத்துவிட்டால், ரத்தம் மறுபக்கம் திரும்பி அந்தப் பக்கம் பெரிதாகும். தோல் வழியாக ஊசி செலுத்தியே இதைச் செய்துவிடலாம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஆபரேஷன்.

இரண்டு பக்கமும் கட்டிகள் இருப்பவர்களுக்கு? முதல் ஆபரேஷனில் இடப்பக்கத்தைச் சுத்தம் செய்து, அதை வளரவிட்டு, இரண்டாவது ஆபரேஷனில் வலப்பக்கத்தை எடுப்பது என்ற முறையை 2000-ல் வில்ஜூயிஃப் குழு முன்வைத்தது. இதில் ஒரு சோகம் ஒளிந்திருக்கிறது. மூன்றில் ஒருவர் அளவுக்கு இரண்டாவது ஆபரேஷனுக்கு வந்து சேர்வதில்லை. காத்திருக்கும் வாரங்களில் நோய் முந்திக்கொள்கிறது, அல்லது எதிர்பார்த்த அளவு கல்லீரல் வளர்வதில்லை.

காத்திருப்பைச் சுருக்கும் வழி 2007-ல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில், திட்டமிடாமலே கிடைத்தது. பித்தநாளப் புற்றுநோய்க்காக ஒருவரின் வயிற்றைத் திறந்த ஹான்ஸ் ஷ்லிட், மிஞ்சப்போகும் கல்லீரல் மிகவும் சிறியது என்பதை மேசையில்தான் கண்டார். கல்லீரலை இரண்டாகப் பிரித்தார். நோயுள்ள பக்கத்தின் போர்ட்டல் கிளையைக் கட்டினார். அதை வெளியே எடுக்காமல் உள்ளேயே விட்டு வயிற்றை மூடினார். ஒரு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது மிச்சக் கல்லீரல் வியக்கத்தக்க அளவில் வளர்ந்திருந்தது. ‘ஆல்ப்ஸ்’ என்ற பெயரில் இந்த முறை உலகம் சுற்றியது. 2012-ல் வெளியான முதல் பெரிய அறிக்கையில் 25 நோயாளிகள். ஒன்பது நாளில் 74 விழுக்காடு வளர்ச்சி. அதே அறிக்கையில் மூன்று மரணங்களும் இருந்தன. நூற்றுக்குப் பன்னிரண்டு!

அந்த 12 விழுக்காட்டைப் படித்தும் உலகின் பல நகரங்களில் போட்டி போட்டுக்கொண்டு இதைத் தொடங்கினார்கள். ஆரம்ப ஆண்டுகளின் விலையை நோயாளிகளே கொடுத்தார்கள். பிறகுதான் யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்ற தெளிவு வந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த லிக்ரோ ஆய்வில், ஆல்ப்ஸ் வழியில் சென்றவர்களில் 92 விழுக்காட்டினருக்கும், பழைய இரண்டு கட்ட வழியில் 57 விழுக்காட்டினருக்கும் கட்டிகளை எடுக்க முடிந்தது. சிக்கல்கள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். கைதேர்ந்தவர்களிடம், சரியான நோயாளிக்கு, இது வேலை செய்கிறது. இந்த இரண்டு நிபந்தனைகளில் எதைத் தளர்த்தினாலும் ஆபத்துதான்.

ஆபரேஷனுக்குப் பிறகான ஐந்தாம் நாள்

குடும்பத்தார் ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்லீரல் அறுவையில் உண்மையான தேர்வு அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்காக மருத்துவர்கள் காத்திருப்பார்கள். பாரிஸில் ஜாக் பெல்கீத்தி குழு 2005-ல் சொன்ன ‘50-50’ அளவுகோல் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது: ஐந்தாம் நாளில் ரத்தம் உறையும் திறன் பாதிக்குக் கீழே இறங்கி, பிலிருபின் 50 மைக்ரோமோலைத் தாண்டினால் (நம்முடைய லேப் ரிப்போர்ட் கணக்கில் சுமார் 3), அவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை. மிச்சக் கல்லீரல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படித் தோற்றால் மீட்டெடுக்க மருந்து கிடையாது.

வெட்டிய பரப்பிலிருந்து பித்தம் கசிவது அடிக்கடி வரும் மற்றொரு சிக்கல். வயிற்றில் செருகிய குழாயில் பச்சையும் மஞ்சளுமாக நீர் வடியும். பெரும்பாலும் தானாக அடங்கும். சிலருக்கு எண்டோஸ்கோபி வழியாக ஸ்டென்ட் வைக்க வேண்டிவரும். வீடு திரும்புவது தள்ளிப்போகும், கீமோவும் தள்ளிப்போகும்.

கீமோவுக்கும் கத்திக்கும் இடையே ஒரு முரண் இருப்பதைக் குடும்பங்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. கட்டியைச் சுருக்கும் மருந்து கல்லீரலையும் பாதிக்கும். ஆக்சாலிப்ளாட்டின் நீண்ட நாள் ஏறினால் கல்லீரலின் நுண்குழாய்கள் வீங்கி, அது நீலம் பூத்துப் போகிறது. ஐரினோடீகான் கொழுப்பு சேர்த்து அழற்சி உண்டாக்குகிறது. ‘இன்னும் நாலு சைக்கிள் போட்டுப் பார்ப்போம்’ என்று கீமோவை நீட்டிக்கொண்டே போனால், வெட்டும் நாளில் கல்லீரல் பலம் இழந்திருக்கும்.

கட்டி ஸ்கேனில் முற்றிலும் மறைந்துவிட்டால் வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடுவார்கள். அறுவை நிபுணருக்கு அது தலைவலி. எங்கே வெட்டுவது? ஸ்கேனில் காணாமல் போன 66 இடங்களைப் பின்தொடர்ந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், 55 இடங்களில் நோய் ஒளிந்திருந்தது அல்லது திரும்பி வந்தது. அதனால், வெட்டக்கூடிய அளவுக்குச் சுருங்கியதும் கீமோவை நிறுத்தி ஆபரேஷனுக்குப் போவதே நல்லது. அந்தத் தருணத்தைக் கணிக்க, கீமோ தொடங்கும் முன்பே அறுவை நிபுணர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். எட்டு, பத்து, பன்னிரண்டு சைக்கிள் முடிந்து, வேறு வழியில்லாதபோது ‘ஒரு சர்ஜனைப் பாருங்கள்’ என்று அனுப்புகிறார்கள்.

இன்னொன்று: கீமோ நடக்கும்போது கீழாநெல்லி, லேகியம், ஊரில் யாரோ சொன்ன சூரணம் என்று மறைவாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கொடுப்பவர்கள் அன்பால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கல்லீரல் என்சைம்கள் திடீரென்று ஏறும்போது அது கீமோவாலா, சூரணத்தாலா என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறுவார். ஆபரேஷன் தேதி தள்ளிப்போகும். எதைக் கொடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வெட்டி எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், கல்லீரலிலோ நுரையீரலிலோ. மறுபடி வெட்டக்கூடியதாக இருந்தால் மறுபடி வெட்டுகிறார்கள், அதிலும் நல்ல பலன் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, குறித்த இடைவெளியில் ஸ்கேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கு முந்தைய இரவும் அந்த வீடு தூங்காது. ஐந்தாண்டு என்ற எண்ணுக்குள் அந்த இரவுகளும் இருக்கின்றன.

எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டாம்

துணிச்சல் என்றால் பெரிதாக வெட்டுவது என்ற எண்ணமும் இப்போது மாறிவருகிறது. ஒஸ்லோவில் 280 பேரிடம் செய்த ஆய்வில், லேப்ராஸ்கோபி வழியாக, கட்டியை மட்டும் ஒட்டி எடுத்தவர்களுக்குச் சிக்கல்கள் 19 விழுக்காடு. வயிற்றைத் திறந்தவர்களுக்கு 31. பெரிய துண்டாக எடுக்காமல், கட்டிகளைத் தனித்தனியாகக் கொத்தி எடுத்து மிச்சக் கல்லீரலைக் காப்பாற்றுவதே இன்று பல மையங்களின் பாணி. நாளை நோய் திரும்பினால் மறுபடி வெட்டக் கல்லீரல் வேண்டுமே!

நெதர்லாந்தில் தொடங்கிய ‘கொலிஷன்’ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை, ஊசி செலுத்தி வெப்பத்தால் கருக்குவது ஆபரேஷனுக்கு ஈடாகுமா என்று பார்த்தார்கள். 2024-ல் வந்த முடிவு: நோய் கட்டுப்படுவதில் ஊசி சளைக்கவில்லை, சிக்கல்கள் குறைவு, மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவு. சிறிய கட்டிக்குப் பெரிய ஆபரேஷன் சொல்லப்பட்டால், ‘கருக்க முடியாதா?’ என்று கேட்க நோயாளிக்கு இப்போது முழு நியாயம் உண்டு.

கல்லீரலையே மாற்றினால்?

கல்லீரல் முழுவதும் கட்டிகள் நிறைந்து, எப்படி வெட்டினாலும் மிச்சம் தேறாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு? பரவிய புற்றுநோய்க்கு உறுப்பு மாற்று என்பதைத் துறையே பல ஆண்டுகள் மறுத்து வந்தது. தானமாகக் கிடைக்கும் உறுப்பு அரிது. அதைத் திரும்பி வரப்போகும் நோய்க்குக் கொடுப்பது நியாயமா?

நார்வேயின் நிலைமை வேறு. அங்கே கல்லீரலுக்காகக் காத்திருப்போர் பட்டியல் குறுகியது. அதனால் 2006-ல் ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை துணிந்தது. முதல் 21 நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் நோய் திரும்பியது. ஆனாலும் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 60 விழுக்காடு! திரும்பிய நோய் பெரும்பாலும் நுரையீரலில், மெல்ல வளரும் சிறு புள்ளிகளாக இருந்ததே காரணம்.

2024-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான டிரான்ஸ்மெட் ஆய்வு இதை உறுதிசெய்தது. பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலியின் 20 மையங்கள் 157 நோயாளிகளை முன்மொழிந்தன. நிபுணர் குழு ஒவ்வொரு கோப்பையும் அலசி 94 பேரை மட்டும் ஏற்றது. கீமோவோடு மாற்று அறுவை என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 56.6 விழுக்காடு, கீமோ மட்டும் பெற்றவர்களில் 12.6. இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் புற்றுநோய்த் துறை அடிக்கடி பார்ப்பதில்லை. அதே நேரம், மாற்றிக்கொண்டவர்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு நோய் திரும்பியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுக்கும். இங்கே நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பான்மை, உயிரோடு இருக்கும் உறவினர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பது. வலப்பாகத்தைக் கொடுப்பவர் இறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து வரை என்று சொல்லப்படுகிறது. அப்பாவுக்காக மகன், கணவனுக்காக மனைவி என்று வரும்போது மறுக்கும் சுதந்திரம் எத்தனை பேருக்கு உண்டு? ‘கொடுக்க மாட்டேன்’ என்று ஒரு மருமகளால் நம் குடும்பங்களில் வாய்திறந்து சொல்ல முடியுமா? நோய் திரும்பி வரும் வாய்ப்பு இத்தனை அதிகம் என்பதைக் கொடுப்பவரிடம் தனியாக உட்கார வைத்து, வேறொரு மருத்துவர் சொல்ல வேண்டும். டிரான்ஸ்மெட்டில் இருந்ததுபோல், மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒரு குழு ஒவ்வொரு கோப்பையும் பார்க்க வேண்டும். இவை இல்லாமல், ‘ஐரோப்பாவில் வெற்றி’ என்ற ஒற்றை வரியை வைத்து இதை இங்கே விற்கத் தொடங்குவது பெரும் அநீதி.

யாருக்கு வேண்டாம்?

கத்தி வைக்காமல் இருப்பதும் சிகிச்சை முடிவுதான். கீமோ நடக்கும்போதே கட்டி வளர்கிறது என்றால் ஆபரேஷன் பெரும்பாலும் வீண். வயிற்றுச் சவ்வு முழுதும் பரவியிருந்தாலும் அப்படியே. கட்டியின் மரபணுவில் ‘பிராஃப் வி600இ’ என்ற மாற்றம் இருந்தால் நோய் வேகமானது. பெரிய ஆபரேஷனுக்கு முன் பலமுறை யோசிப்பார்கள். மரபணுப் பரிசோதனையில் ‘எம்.எஸ்.ஐ. ஹை’ என்று வந்தால் இம்யூனோதெரபியே அற்புதமாகக் கைகொடுக்கக்கூடும். ஆகவே மரபணுப் பரிசோதனை முடிவு வராமல் பெரிய அறுவைக்குத் தேதி குறிப்பது அவசரம்.

வயது மட்டும் தடையில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, உடல் எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பவைதான் கணக்கு. ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் தினமும் நடப்பதும், மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகுவதும், முட்டை, பருப்பு என்று புரதம் சேர்ப்பதும் சின்ன விஷயங்களாகத் தெரியும். படுக்கையிலிருந்து எழும் நாளை அவைதான் தீர்மானிக்கின்றன.

“அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்”

கன்சல்டிங் அறையில் நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, மகனோ மருமகனோ தாழ்ந்த குரலில் சொல்லும் வாக்கியம் இது. “அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். கேன்சர்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவார்.” அன்பால் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஆறு மணி நேர ஆபரேஷன், ஐ.சி.யூ., குழாய்கள், பிறகு மறுபடி கீமோ, ஒருவேளை இரண்டாவது ஆபரேஷன் என்ற நெடும்பாதையில் நடக்கப்போகிறவர் அவர். அந்தப் பாதையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கே. ‘அல்சருக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய ஆபரேஷன்?’ என்று அவர் கேட்கும் நாள் நிச்சயம் வரும். பெரும்பாலும் அதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்காகத் தெரியாதவர்போல் இருப்பார்.

செலவும் அப்படித்தான். நகையும் நிலமும் போவது அவருக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது. சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் இரைப்பை குடல் அறுவைப் பிரிவுகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வீட்டை அடமானம் வைப்பதற்கு முன், அங்கே ஒருமுறை படத்தைக் காட்டிவிட்டு வருவதில் எந்தக் குறையும் இல்லை.

---

பெட்டிச் செய்தி: மருத்துவரிடம் கேளுங்கள்

◆ கீமோ தொடங்கும் முன் கல்லீரல் அறுவை நிபுணர் ஸ்கேனைப் பார்த்துவிட்டாரா? எத்தனை சைக்கிளுக்குப் பிறகு மறுபடி பார்ப்பார்?

◆ எல்லாக் கட்டிகளையும் எடுத்த பிறகு எத்தனை விழுக்காடு கல்லீரல் மிஞ்சும்?

◆ எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா? ராஸ், பிராஃப், எம்.எஸ்.ஐ. மரபணுப் பரிசோதனை முடிவுகள் வந்தனவா?

◆ வெட்டாமல் கருக்கக்கூடிய கட்டிகள் உண்டா?

◆ இந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை கல்லீரல் ஆபரேஷன்கள் நடக்கின்றன?

◆ ஆபரேஷன் வேண்டாம் என்றால் அடுத்து என்ன?

---

மூலம் என்று விட்டுவிட்டால்...

இத்தனை பாடும் பலருக்குத் தேவைப்படாமல் போயிருக்கலாம் என்ற எண்ணம் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கப் படிக்க உறுத்திக்கொண்டே இருந்தது. மலத்தில் ரத்தம் வந்தால் நம்மவர்கள் முதலில் சொல்லும் சொல் ‘மூலம்’. சூடு என்பார்கள், காரம் என்பார்கள், மருந்துக் கடையில் களிம்பு வாங்குவார்கள். வெட்கத்தால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஓராண்டு ஓட்டிவிடுபவர்கள் உண்டு. பெண்கள் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும், நாற்பதைக் கடந்த ஒருவருக்கு ரத்தசோகை வந்தாலும் கொலனோஸ்கோபி செய்து பார்ப்பது ஒரே நாள் வேலை. உள்ளே இருப்பது சின்ன பாலிப் என்றால் அப்போதே அகற்றிவிடலாம்.

அந்தக் கட்டத்தைத் தாண்டி, ‘லிவருக்குப் பரவிவிட்டது’ என்ற வாக்கியத்தை இந்த வாரம் கேட்ட குடும்பம் ஒன்று இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் கீமோ ஏறுவதற்கு முன், ஸ்கேன் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லீரல் அறுவையை அன்றாடம் செய்யும் ஒரு நிபுணரிடம் போங்கள். நோயாளியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் ‘முடியாது’ என்றால் ஏன் என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அவரிடமே படத்தைக் காட்டுங்கள்.